சட்டையில் சிந்திய ஷாம்பேன்

பினாங்கு, நார்தம் ரோடு
7-8-1928

சௌபாக்கியவதி ருக்குமணிக்கு, உன் புருஷன் பக்கிரிசாமி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் உடம்புக்குக் குறைவில்லை. நீயும் குழந்தை ஜெயலெட்சுமியும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன்.

உன் கடிதம் வந்தது. குடிகாரனோடு குடித்தனம் செய்யக் கப்பலேற மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பங்களாவுக்குப் பின்னால் துரை ஒரு அறை ஒதுக்கி, நான் அதற்குச் சுண்ணாம்பு அடித்துவைத்த பிறகு இந்தக் கடிதம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கள்ளுக்கு அப்பாவைப் பறிகொடுத்தவள் நீ. உன்மேல் கோபமில்லை. உன் அண்ணன் அய்யாக்கண்ணு மேல்தான் கோபம். ஊருக்குப் போய்க் கோள் சொல்லுமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இங்கே பட்லர் வேலை என்றால் விருந்துக்குப் பானம் கலப்பதும் சேர்த்திதான். ஷாம்பேன் என்று திராட்சையில் செய்த, பொங்கி நுரைக்கும் மது. அதைப் பனிக்கட்டியில் புதைத்துக் குளிரவைப்பேன். கண்ணாடிக் கோப்பையில் ஊதாப்பூச் சாராயம் ஒரு கரண்டி, ரோஜாப்பூச் சாராயம் அரைக் கரண்டி விட்டு, கோப்பையைச் சாய்த்து ஷாம்பேனை மெல்ல ஊற்றுவேன். பூவில்கூடச் சாராயமா என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய். சாமிக்கு வைக்கும் பூவை முகரக்கூடாது என்று வளர்ந்த நான், இங்கே முகர்ந்தே அளவு சொல்வேன். ருசி பார்ப்பது துரைசானி.

மச்சான் வந்த அன்று துரைசானி காய்ச்சலில் படுத்திருந்தார். சாயங்காலம் பன்னிரண்டு பேருக்கு விருந்து. வழக்கமான ஊதாப்பூப் புட்டி தீர்ந்து வேறு தினுசு வந்திருந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது, அளவு பிடிபடவில்லை. நீயே ருசி பார்த்துக் கலந்துவிடு என்று துரைசானி சொல்லியனுப்பினார். ஷாம்பேனைத் திறந்தேன், நுரை பீறிட்டுச் சட்டையெல்லாம் நனைந்தது. அந்நேரம் பார்த்துத்தான் மச்சான் கோயில் திருநீற்றோடு வந்தார். பூசிவிடக் கிட்டே வந்தவர், "நல்லாத்தான் மணக்குறீங்க மாப்ளே" என்று திருநீற்றை மடித்து மடியில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

அவர் மோந்தது சட்டையை. அதுவரை ஒரு சொட்டு என் நாக்கில் பட்டதில்லை. இத்தோடு நிறுத்தினால் நீ நம்பிவிடுவாய். ஆனால் குடிக்கமாட்டேன் என்று உனக்காகக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த கையால் எழுதுகிறேன்.

அவர் போன பிறகுதான் கலந்தேன். முதல் கரண்டியை நாக்கில் வைத்துத் துப்பி, வாய் கொப்பளித்தேன். இரண்டாவதைத் துப்பவில்லை. எப்படியும் குடிகாரன் என்று பெயர் வாங்கியாயிற்றே என்ற ஆத்திரம். விழுங்கிவிட்டேன். நன்றாயிருந்தது, ருக்கு. அதுதான் பயமாயிருக்கிறது.

மறுநாளே அந்த வேலையைச் சீனச் சமையல்காரரிடம் விட்டுவிட்டேன். மறுபடி சத்தியம் செய்ய வாய் கூசுகிறது. ஒண்டியாயிருந்து காப்பாற்ற முடியுமா, தெரியவில்லை.

இதை யாரிடமும் படிக்கக் கொடுக்காதே. நீயே எழுத்துக்கூட்டிப் படி.

புரட்டாசிக் கப்பலுக்குத் துறைமுகத்தில் நிற்பேன். திட்டுவதானாலும் இங்கே வந்து திட்டு, ருக்கு.

இப்படிக்கு,
உன்னையே நம்பியிருக்கும்
பக்கிரிசாமி