மீன் வாடை போகாத பட்டன் டப்பா

மாப்பிள்ளை,

இன்று மதியம் தங்கச்சி உங்கள் பட்டன் டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மூடியைத் திறந்ததும் மீன் வாடை அடித்தது. நீங்கள் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. அது இன்னும் போகவில்லை.

போன வாரம் எனக்கும் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். உங்களுக்குக் கொடுத்த அதே மாத்திரைதான், ரத்தம் உறையாமல் இருப்பதற்கு. போட்டுவைக்க ஒரு டப்பா வேண்டுமே என்று கொண்டுவந்தாளாம்.

அதை உங்களுக்குக் கொடுத்ததே நான்தான். நம் பனியன் கம்பெனியில் நீங்கள் கட்டிங் மாஸ்டர், நான் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சன்டைசர். பட்டன் சாம்பிள் வந்த ஆறு அறை டப்பா ஒன்று சும்மா கிடந்தது. தங்கச்சி மாதம் ஒருமுறை மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து அதில் நிரப்பித் தருவாள். மதியச் சோற்றுக்குப் பிறகு கம்பெனியிலேயே போட்டுக்கொள்வீர்கள். "சோறு தப்பினாலும் இது தப்பக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க" என்று டீ கொண்டுவரும் அம்மாவிடம்கூடப் பெருமையாகச் சொல்வீர்கள்.

அதோடு நான் விட்டிருக்கலாம். ஊருக்கு முந்தி புத்தி சொல்கிற ஆள் அல்லவா நான். சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் தினமும் விழுங்குவதைப் பார்த்து, ரத்தக் குழாய்க்கு நல்லதாம் என்று மெடிக்கலில் மீன் எண்ணெய் மாத்திரை ஒரு புட்டி வாங்கிவந்தேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேன் நிறத்தில் பளபளவென்று இருந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஆறாவது அறையில் போட்டுக்கொண்டீர்கள். எதில் செய்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கறி மீன் தின்கிற குடும்பம்தானே என்று இருந்துவிட்டேன்.

மார்கழியில் இருவரும் பழனிக்கு மாலை போட்டோம். உங்களுக்கு ஸ்டென்ட் வைத்த அன்று, நீங்கள் பிழைத்து வந்தால் நடந்தே அனுப்புகிறேன் என்று தங்கச்சி வேண்டிக்கொண்ட நடை அது. மாலை போட்ட நாளில் அந்தப் புட்டியின் நினைப்பே எனக்கு வரவில்லை.

ஒரு நாள் டப்பாவை அயர்ன் டேபிள்மேல் மறந்து வைத்துவிட்டீர்கள். சூட்டில் ஆறாவது அறையில் இருந்ததெல்லாம் உருகி, எண்ணெய் மற்ற அறைகளுக்கும் ஓடிவிட்டது. திறந்து முகர்ந்தீர்கள். கழுத்து மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"ஏனுங்க மச்சான், இது மீனுங்களா?"

ஆமாம் என்றேன். மாலையோடு இத்தனை நாள் மீன் தின்றிருக்கிறேனே என்று உங்கள் முகம் செத்துப்போயிற்று. எண்ணெயில் ஊறிய மாத்திரை எதையும் தொட மாட்டேன் என்றீர்கள். புது அட்டை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"எதுல என்ன கலந்திருக்குதுன்னு யாருக்குங்க தெரியும்? மாலை கழட்டற வரைக்கும் ஒண்ணும் வேண்டாமுங்க."

அங்கே நான் சண்டை போட்டிருக்க வேண்டும். தங்கச்சியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் மாலை போட்டவனுக்கு மீன் கொடுத்தவன் நான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம். நாலு மணிக்குக் கன்டெய்னர் கிளம்ப வேண்டிய அவசரம் வேறு. பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது.

"பதினெட்டு நாள்தானுங்க மாப்ள. ஒண்ணும் ஆகாது. நடக்கறதே மருந்துங்க" என்றேன்.

நீங்கள் நம்பினீர்கள். டப்பாவை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

ராத்திரி பழனி நடை கிளம்பி, விடிந்தபோது பொங்கலூர் தாண்டி ஒரு மோர்ப் பந்தலில் உட்கார்ந்தீர்கள். வெயில்கூட ஏறவில்லை. பாதி டம்ளர் மோரைக் கீழே வைத்துவிட்டு, இடது தோள் இழுக்கிறது என்றீர்கள். காரில் ஏற்றும்போதே உங்கள் கை சில்லிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், மாத்திரையை இடையில் நிறுத்தினாரா என்று. அதற்குள் வந்து சேர்ந்திருந்த தங்கச்சி முந்திக்கொண்டாள். "ஒரு வேளை தப்ப மாட்டாருங்க" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

காரியம் முடிந்ததும் கம்பெனியில் இருந்த உங்கள் சாமான்களைக் கேட்டாள். இழுப்பறையைத் திறந்து, மாத்திரைகளையெல்லாம் ஒரு காகிதத்தில் கொட்டி மடித்து, கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் திணித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், மாப்பிள்ளை. காலி டப்பாவைப் பார்த்து அவள் அழுதாள். "பாருங்ணா, கடைசி வரைக்கும் போட்டிருக்காரு."

அவள் வேண்டுதலில் குறை இல்லை, கவனிப்பில் குறை இல்லை, விதி முடிந்துவிட்டது என்றுதான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அந்தக் காலி டப்பாதான் அவளுக்குச் சாட்சி. உங்களைக் கொன்றது நானா என்று எனக்குத் தெரியாது. தடுத்திருக்கக் கூடியவன் நான் ஒருவன்தான் என்று தெரியும்.

இன்று அவள் என் மாத்திரைகளைப் பிரித்து அறை அறையாகப் போட்டுக்கொண்டே சொன்னாள், "எத்தனை தடவ புளி போட்டுக் கழுவியும் ஒரு வாடை போகலீங்ணா. என்னன்னே தெரியலீங்க."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"பழைய பிளாஸ்டிக் அப்படித்தான் அம்மிணி" என்றேன்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, நான் விழுங்கும்வரை எதிரே நின்றாள். "அவராட்டம் தப்பாமப் போடோணுங்ணா" என்றாள். இனி தினமும் மதியம் அவளே வந்து நின்று பார்ப்பாளாம்.