வெள்ளைப் பந்து நின்ற இடம்

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. முழங்கால் மாத்திரை தீர்ந்துவிட்டது, நாளை கடைத்தெருவுக்குப் போக வேண்டும்.

துரைராசு போன். பெரம்பலூரில் அவன் வைத்திருக்கும் ஸ்னூக்கர் கிளப்பை மூடுகிறான். அடுத்த மாதம் அந்த இடத்தில் செல்போன் கடை. "நம்ம போட்டியப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார். மொத்தமே மூணு வருசந்தான் நடந்துச்சு. அதையும் எழுதாம வுட்டா நடக்கவே இல்லன்னு ஆயிரும். மூணு வருசமும் நீங்கதானே ரெஃப்ரி?"

சரி என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அக்டோபர் 15, புதன்

மாத்திரை வாங்கியாயிற்று. வரலாற்றுக்குக் குறிப்புகள்:

— போட்டி எப்போதும் ஆடியில். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். துரைராசுவின் மூளை.
— முதல் இரண்டு வருடம் பெரம்பலூர். மூன்றாவது அரியலூர். பெரிய மண்டபம், ரோட்டோரம்.
— சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரிலிருந்து ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை அறையில் பாய் விரித்துப் படுத்தார்கள்.
— என் வெள்ளைக் கையுறை, பேண்டு வாத்தியக்காரர் ஒருவரிடம் வாங்கியது.
— உள்ளூர் ஆட்டக்காரன் ஒருவன்தான். குரும்பலூர் பாஸ்கரன்.

'மூன்றாம் ஆண்டு இறுதி ஆட்டம்' என்று தலைப்பு மட்டும் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். ரசத்தில் உப்பில்லை. வீட்டுக்காரி மல்லிகாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன்.

இறுதிப் போட்டியின் கடைசி ஃபிரேம், கடைசிச் சுற்று. மேசையில் மிச்சம் வெள்ளையும் கறுப்பும் மட்டும். வெள்ளையால் அடித்துக் கறுப்பைக் குழியில் போட்டால் கோப்பை பாஸ்கரனுக்கு. ஜெயித்தால் சென்னைக் கிளப் ஒன்றில் கோச் வேலை தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். இரண்டு பந்தும் குழிக்கு நேர்க்கோட்டில். அவன் தூக்கத்தில்கூடப் போடுவான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். ஆடிக் காற்று. வெளியே வரிசையாகச் சுண்ணாம்புக்கல் லாரிகள். கால் மணி நேரத்தில் மேசையின் பச்சைத் துணி முழுக்க வெளிறிப்போயிற்று.

கரண்ட் வந்ததும் வெள்ளையைத் துடைத்துத் தரச் சொன்னான் பாஸ்கரன். எடுக்கும் முன் பந்தை ஒட்டி ஒரு சின்ன அடையாளக் கட்டையை வைக்க வேண்டும், துடைத்தபின் அதே இடத்தில் பந்தை வைக்க வேண்டும். ரெஃப்ரி வேலையில் பாதி அதுதான். அன்று காலையிலிருந்தே ரோட்டுத் தூசிக்காகத் துடைத்துத் துடைத்துக் கை சலித்திருந்தது. கட்டை என் கோட்டுப் பையிலேயே கிடந்தது. நான்தான் சர்வேயராயிற்றே, ஊர் நிலத்தையெல்லாம் அளந்த கண்ணாயிற்றே. கண்ணளவில் வைத்துவிட்டேன்.

கையை எடுத்த பிறகு பார்த்தேன். பந்துக்குப் பக்கத்தில், தூசி படியாத பச்சைப் பிறை. பந்து நின்ற இடம் அது. அரை விரல் தள்ளி வைத்திருக்கிறேன்.

"இருப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பந்தைச் சரியாகத் திருப்பி வைக்க விதியில் இடம் இருக்கிறது. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. சர்வேயர் தப்பாக வைத்தார் என்று ஆகிவிடுமே. சொல்லவில்லை.

பாஸ்கரன் குனிந்தான். நிமிர்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான். கறுப்பு, குழியின் வாயில் தட்டித் திரும்பியது. எதிராளி போட்டுவிட்டான்.

மறுவருடம் போட்டி நடக்கவில்லை. ஊர்க்காரன் தோற்றதும் விளம்பரம் தந்தவர்கள் கழன்றுகொண்டார்கள். பாஸ்கரன் "கண்ணு போயிருச்சு சார்" என்று குச்சியை வைத்தவன் திரும்ப எடுக்கவில்லை. லாரிக்குப் போனான், அதே சுண்ணாம்புக்கல் லாரி. இப்போது நுரையீரல் கெட்டுப் படுக்கையில் கிடக்கிறான்.

நான் கோழை. வேறு வார்த்தை இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மழை விட்டது. கொசு. மல்லிகாவிடம் சொன்னேன். கொசுவத்தியைக் கொளுத்தி வைத்தாள். பிறகு, "இப்பப் போயிச் சொல்லி அவருக்கு என்ன ஆவப்போவுது? ஒங்க பாரத்த எறக்கி வைக்க அவரு நெஞ்சுதான் கெடச்சுதா?"

கேட்டது நியாயம். ஆனாலும் அவன் தன் கண் போய்விட்டதென்று நம்பிக்கொண்டே சாகக்கூடாது.

அக்டோபர் 19, ஞாயிறு

குரும்பலூர். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஆறு ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ். இதைக் கொண்டுபோய்க் கொடுக்க வெட்கமாக இருந்தது.

பாஸ்கரன் பாதியாகிவிட்டான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். மனைவி செல்வி நாற்காலி போட்டாள். "சார் வந்துருக்காங்க பாருங்க."

சொன்னேன். கட்டை வைக்காதது, பிறை, வாய் திறக்காதது. ஒன்றையும் மறைக்கவில்லை.

விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான்.

"கோடு மாறியிருக்கேன்னு எனக்கும் தோணுச்சு சார். ஆனா வச்சது நீங்க. சர்வேயர் சார் வச்சா தப்பாவாது, நம்ம கண்ணுதான் தப்புன்னு பழைய கோட்டுலயே அடிச்சேன்."

பிறகு, "திருச்சியில மூணு டாக்டரப் பாத்தேன். கண்ணு நல்லாருக்குன்னாங்க. அவங்களத்தான் நம்பல."

காலைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டான். செல்வி அழவில்லை, திட்டவில்லை. வாசல் வரை வந்து, "இனிமே வராதீங்க சார்" என்றாள். ஆப்பிள் பையைத் திரும்பக் கையில் கொடுத்துவிட்டாள்.

அக்டோபர் 20, திங்கள்

உட்கார்ந்து நாலு பக்கமும் எழுதி முடித்தேன். இறுதி ஆட்டத்தை நடந்தது நடந்தபடி. என் பெயரோடு. போட்டோ பிடித்து வாட்ஸப்பில் துரைராசுவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டான் என்று காட்டுகிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. பதினோரு மணிக்குப் பாஸ்கரன் போன்.

"துரைராசு அண்ணன் படிச்சுக் காட்டுனாரு. அத எடுத்துருங்க சார்."

"நடந்தது அதானப்பா. ஊருக்குத் தெரியட்டும்."

"எம் பொண்ணு படிக்கும் சார். அப்பன் தோத்துட்டான்னு அதுக்குத் தெரியும். பழகிப்போச்சு. கண்ணும் கையும் நல்லா இருந்தும், சும்மா ஒண்ணுமில்லாததுக்கு லாரி ஓட்டி நெஞ்சக் கெடுத்துக்கிட்டான்னு தெரிய வேணாம். தோத்ததாவே இருக்கட்டும்."

இருமல் வந்துவிட்டது. நிற்கவில்லை. செல்வி போனை வாங்கிக் கட் செய்துவிட்டாள்.

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். வேறு எழுதி அனுப்பியாயிற்று. 'மூன்றாம் ஆண்டு, அரியலூர். எளிதான கறுப்பைத் தவறவிட்டதால் பாஸ்கரன் இரண்டாம் இடம்.'