பச்சைப் பை உரசிய கல்

ஜனவரி 28, செவ்வாய்

குளிர் மைனஸ் முப்பத்தொன்று. நேற்று இரவு கார் எஞ்சின் உறையாமல் சூடாக வைக்கும் மின்கம்பியைச் செருக மறந்துவிட்டேன். காலையில் முனகிவிட்டு நின்றுவிட்டது. மருந்துக்கடை நாளைக்கு. இன்சுலின் நாளை வரைக்கும் இருக்கிறது.

அம்மா காலையிலேயே கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதாம். எண்பத்தாறு வயது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பள்ளி இல்லை என்று பொய் சொன்னேன். பொய் சொல்லாமல் இந்த வீட்டில் ஒரு நாள் ஓடாது.

வெர்னா போன் செய்தாள். பனித்தரையில் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் கிளப்பின் பிப்ரவரிப் போட்டியில் இந்த வருடம் வேஷம் கட்டி ஆட வேண்டுமாம். தலைப்பு 'நம்ம நாட்டுச் சரக்கு'. கனடாக்காரர்கள் கண்டுபிடித்தது எதுவோ, பேர் வாங்கிய ஆள் யாரோ, அணி அணியாக அப்படி வர வேண்டும். வரமுடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெர்னா எங்கள் அணித் தலைவி. எழுபத்திரண்டு வயதிலும் பனித்தரையின் அந்தக் கோடியில் நின்று கத்தினால் இந்தக் கோடியில் காது அடைக்கும். அவளிடம் முடியாது என்று சொல்கிற தெம்பு எனக்கு இல்லை. எதற்குமே இல்லை.

ஜனவரி 30, வியாழன்

கிளப்பில் கூட்டம். எதிர்வீட்டுக்காரி வந்து அம்மாவோடு உட்கார்ந்ததால் போக முடிந்தது.

டெலிபோன் யாருடையது என்று ஒரு மணி நேரச் சண்டை. பெல் பிறந்தது ஸ்காட்லாந்து, உரிமை வாங்கியது அமெரிக்கா. ஆனால் யோசனை வந்தது ஒன்டாரியோவில் அப்பா வீட்டில் இருந்தபோது, ஆகவே நம்முடையது என்று வெர்னா தீர்ப்புச் சொன்னாள். கூடைப்பந்தும் நம்முடையதாம். உலகத்துக்கே நேரம் வகுத்துக் கொடுத்தது நம்ம நாட்டு ரயில்காரர் என்று வேறு பெருமை. எங்கள் வீட்டில் நேரத்தை வகுப்பது அம்மா. மூன்று மணிக்கு விடிந்துவிட்டது என்றால் விடிந்துவிட்டதுதான்.

புற்றுநோய் நிதிக்காக ஒற்றைக் காலோடு நாட்டுக்குக் குறுக்கே ஓடிய டெரி ஃபாக்ஸ் வேஷத்தை யாரும் போடக்கூடாது என்பது மட்டும் சண்டையில்லாமல் முடிவானது. அவர் பேரைச் சொன்னதும் எல்லோரும் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஹார்டுவேர் கடை ஆட்கள் நாலு பேரும் சதுரக் குழி வைத்த திருகாணியாக வருகிறார்கள். வங்கிப் பெண்கள் இன்சுலின் ஊசியாக. "உனக்குப் பிடிக்குமே கிளெண்டா" என்றாள் ஒருத்தி. காலையும் மாலையும் அம்மாவின் வயிற்றில் அதைக் குத்துகிறவள் நான். கண்டுபிடித்த பான்டிங் புண்ணியவான், அம்மா உயிரோடு இருப்பதே அவரால்தான். அதற்காக ஊசி மாதிரி உடுத்திக்கொண்டு பீர் குடிக்க வேண்டுமா?

எங்கள் அணி முட்டை அட்டை. உடைந்து வரும் முட்டைக்காக ஹோட்டல்காரனும் பண்ணைக்காரனும் அடித்துக்கொண்டதைப் பார்த்து ஒரு பத்திரிகைக்காரர் செய்ததாம். நல்ல மனிதர், சண்டையை அட்டையால் தீர்த்தார்.

கோரின் அணி குப்பைப் பை. வின்னிபெக்கில் பிறந்த பச்சை நெகிழிப் பை. கோரின் என் தங்கை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கால்கரியைக் காலி செய்துவிட்டுப் போன கோடையில் ஊர் திரும்பினாள். அக்டோபரிலிருந்து அவளோடு பேச்சில்லை. இன்றைக்கு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் காபிக் கெட்டிலைப் பார்த்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

எழுதித் தீர்த்தால் தேவலை என்று எழுதுகிறேன்.

அக்டோபர், நன்றி நாள் விருந்து. நான் வான்கோழியை அறுத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா தட்டில் இருந்த கிரான்பெரிக் குழம்பை மேஜை விரிப்பில் தடவிக்கொண்டிருக்கிறாள். அப்போது கோரின் சொல்கிறாள், அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும், இது அம்மாவே சொன்னது என்று. மூன்று வருடம் முன்னால் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு யார்க்டன் நகரத்திலிருந்து அவர்கள் இருவரும் காரில் வந்தபோது அம்மா சொன்னாளாம். 'கிளெண்டா யாருன்னு எனக்குத் தெரியாமப் போற அன்னிக்கு என்னை இல்லத்துல விட்டுடு. அவளைக் கேக்காத.'

மூன்று வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அந்த நாள் நெருங்கும் வரை சொல்ல வேண்டாம் என்றுதான் அம்மா சொன்னாளாம். எவ்வளவு வசதி!

பொய்க்காரி என்றேன். கத்தி கையில் இருந்தது, கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அம்மாவோடு ஆறு வருடமாக இருப்பவள் நான். குளிப்பாட்டுகிறவள் நான். வருடத்துக்கு இரண்டு முறை பூங்கொத்தோடு வந்து போனவளிடம் அம்மா மனதைத் திறப்பாளா, என்னிடம் மாட்டாளா? அவளால் பார்த்துக்கொள்ள முடியாது, அதற்கு அம்மா வாயில் ஒரு வார்த்தையை வைத்துவிட்டாள். அம்மாவைக் கேட்டுச் சரிபார்க்கவும் முடியாது. நல்ல சாட்சி பிடித்தாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

முதியோர் இல்லத்திலிருந்து அழைத்தார்கள். பெயர் கொடுத்து வைத்ததையே மறந்திருந்தேன். டாக்டர் கட்டாயப்படுத்திக் கொடுக்க வைத்தது. ஒரு படுக்கை காலியாம். குடும்ப தின விடுமுறை முடிந்து, 18ஆம் தேதி செவ்வாய்க்குள் வேண்டும், வேண்டாம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

பிப்ரவரி 5, புதன்

முதுகு. மூன்று முறை விரிப்பு மாற்றினேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 8, சனி

இல்லத்தில் கோரினுக்கும் சொல்லியிருக்கிறார்கள். போன் செய்தாள்.

சத்தம் போடக்கூடாது என்று நினைத்துத்தான் எடுத்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள், அதுதான் எனக்கு எரிச்சல். உன் உடம்பைப் பார்த்தாயா, கண்ணாடி பார்த்து எத்தனை நாளாயிற்று என்றாள். அம்மா ஒன்றும் நாய்க்குட்டி இல்லை, கொண்டுபோய் விட்டுவிட்டு வர என்றேன்.

"நான் சொன்னதை நம்பு. அது போதும்."

"உன்னை நம்பறதுக்கு என்னடி இருக்கு?"

போனை வைத்துவிட்டாள். என்னைவிட நாலு வயது சின்னவள். சின்ன வயதிலும் இப்படித்தான், சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவாள், கத்தினவள் நான் மட்டும் என்று ஆகிவிடும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை ஊசி போடும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மிகவும் மரியாதையாக, புதிதாக வந்த நர்ஸிடம் பேசுவதுபோலக் கேட்டாள்: "நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. உங்களுக்கு லீவு குடுக்க மாட்டாங்களா?"

நான் கிளெண்டாம்மா என்றேன். அழகான பெயர் என்றாள்.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இதற்கு முன்னால் பெயர் மறந்திருக்கிறாள், அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். இப்படி ஒரேயடியாக அந்நியமாக்கியது இல்லை. மத்தியானம் சரியாகிவிடும் என்று பார்த்தேன். சரியாகவில்லை.

கோரின் சொன்ன 'அந்த நாள்' இதுதானா? சீ, அவள் கட்டிய கதைக்கு நான் ஏன் நாள் குறிக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

அம்மாவுக்கு இன்றும் நான் நர்ஸ்தான். நல்ல நர்ஸ், அதில் குறையில்லை. போட்டி தொடங்கிவிட்டது. முட்டை அட்டையை மார்பில் ஒட்டிக்கொண்டு குனிந்தால் விலா குத்துகிறது. ஜெயித்தோம்.

பிப்ரவரி 15, சனி

இன்றும் ஜெயித்தோம். நாளை கோப்பைக்கான ஆட்டம் குப்பைப் பைகளோடு. கடவுளே.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும், ஜெயித்தவர்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்த ஊரில் விவாகரத்தானவர்கள்கூட இதிலிருந்து தப்பியதில்லை. அதிலும் அணியில் இரண்டாவதாகக் கல் விடுகிறவள் எதிரணியின் இரண்டாமவளுக்கு எதிரே. நான் இரண்டாமவள். கோரினும் இரண்டாமவள். தோற்றாலும் ஜெயித்தாலும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கோப்பை குடித்தாக வேண்டும். வயிற்று வலி என்று சொல்லலாமா? வெர்னா விடமாட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோப்பைக்கான ஆட்டம். 

கடைசிக் கல் வரை சமம். வட்டத்துக்கு நடுவில் எங்கள் கல். அவர்கள் தலைவி விடும் கடைசிக் கல் அதைத் தட்டிவிட்டால் கோப்பை அவர்களுக்கு. கல் கிளம்பியபோதே தெரிந்துவிட்டது, நேர்க்கோடு. தோற்றோம் என்று வெர்னாவே துடைப்பத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். கல் வேகம் குறையாமல் ஓட, அதற்கு முன்னால் கோரினும் இன்னொருத்தியும் துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டே வருகிறார்கள், பச்சைப் பைகள் படபடக்கின்றன. அவர்கள் தலைவி பின்னாலிருந்து தேய், தேய் என்று அலறுகிறாள்.

பாதி தூரத்தில் கோரின் நிமிர்ந்தாள். தேய்ப்பதை விட்டாள். துடைப்பத்தை நீட்டி, ஓடுகிற கல்லை நிறுத்தி, ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

 பிறகு அவள், "என் பை கல்லுல பட்டுடுச்சு" என்றாள். அவ்வளவுதான். இடுப்புக்குக் கீழே தொங்கிய பையின் ஓரம்.

ஓடுகிற கல்லை நம் அணி ஆள் தொட்டால் அந்தக் கல் போச்சு. நடுவர் கிடையாது, தொட்டவள்தான் சொல்ல வேண்டும். இங்கே குழந்தைகளுக்கும் அது தெரியும். ஆனால் காற்றில் ஆடும் ஒரு பையின் நுனி உரசியதை யார் பார்த்தார்கள்? கூடத் தேய்த்தவளே பார்க்கவில்லை. நான் பத்தடி தள்ளி நின்றேன், நானும் பார்க்கவில்லை. கோப்பை எங்களுக்கு. கை தட்டினார்கள், எனக்குத் தட்டத் தோன்றவில்லை.

மேஜையில் எதிரெதிரே. அவளுக்கு ரை விஸ்கி வாங்கி வைத்தேன். மற்றவர்கள் சதுரத் திருகாணிகளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

"யாரும் பாக்கலையே, ஏன் சொன்ன?" என்று கேட்டேன். நான்கு மாதத்தில் அவள் முகத்தைப் பார்த்து நான் பேசிய முதல் பேச்சு.

"பட்டுடுச்சே" என்றாள். நான் ஏதோ பைத்தியக்காரக் கேள்வி கேட்டதுபோலப் பார்த்தாள்.

அப்போதுதான் கேட்டேன், அம்மா காரில் என்ன சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல் சொல் என்று. கோரின் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். முழுசும் வேண்டுமா என்றாள். வேண்டும் என்றேன்.

"கிளெண்டாவால முடியாது, செத்துப்போவாளே தவிர என்னை விடமாட்டா. உனக்குக் கொஞ்சம் ஈரம் கம்மி, நீதான் செய்வ. அப்படித்தான் சொன்னா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த ரெண்டாவதை அன்னிக்கு உன்கிட்ட எப்படிச் சொல்றது? எனக்கே அவமானமா இருந்துச்சு."

அது அம்மாவின் பேச்சுதான். அம்மா எங்கள் இருவரையும் அப்படித்தான் எடை போடுவாள், முகத்துக்கு நேரே. தன்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தையை எந்தப் பொய்க்காரி கட்டுவாள்? பை நுனி பட்டதற்குக் கோப்பையை விட்டவள் அம்மா சொல்லாததைச் சொன்னாள் என்பாளா?

இல்லை. அம்மா சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. என்னைத் தெரிந்ததால்தான் சொல்லவில்லை. இது வலிக்கிறது, ரொம்பவே வலிக்கிறது.

கோரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெர்னா பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 17, திங்கள்

குடும்ப தினம். கோரின் பட்டர் டார்ட் இனிப்பு வாங்கி வந்தாள். அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, நீங்கள் அக்கா தங்கையா, ஜாடை தெரிகிறது என்றாள். ஆமாம் என்றோம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

போன் செய்தேன். சரி என்றேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

கொண்டுபோய் விட்டோம். பெட்டியைத் தூக்கியது கோரின், அம்மா கையைப் பிடித்தது நான். ஜன்னலுக்கு வெளியே கார்கள் நிற்பதைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டாள். நாங்கள் கிளம்பும்போது என்னிடம், இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி என்றாள். காரைக் கோரின்தான் ஓட்டினாள். ஈரம் கம்மியானவள் வழியெல்லாம் அழுதாள், எனக்கு அழுகை வரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். ஊசி நேரம் ஆனதும் தானாக எழுந்து ஃபிரிட்ஜ் வரைக்கும் போய்விட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

எனக்குச் சளி, இருமல். குணமாகும் வரை இல்லத்தில் உள்ளே விடமாட்டார்கள். தினமும் கோரின்தான் போகிறாள்.

நேற்று சாயங்காலம் போன் செய்தாள். அம்மா சூப்பை முழுதாகக் குடித்தாளாம். பக்கத்து அறை அம்மாள் பியானோ வாசிக்க, உட்கார்ந்து கேட்டாளாம். தாளம் தப்பு என்று சிரித்தாளாம்.

கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்: "என்னைக் கேட்டாளா?"



"இல்ல கிளெண்டா. கேக்கல."

வேறு யாராக இருந்தாலும் கேட்டாள் என்று சொல்லியிருப்பார்கள். நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். ஆனால் அவள் இல்லை என்று சொன்னதால்தான், அம்மா சூப் குடித்தாள், சிரித்தாள் என்பதை எல்லாம் என்னால் நம்ப முடிந்தது. படுத்தேன். காலை எட்டரைக்குத்தான் விழித்தேன்.