அமாவாசையன்று பார்த்த வீடு

பனங்காட்டுப்புதூர்,
புரட்டாசி 12.

அன்பு மகள் பிரீத்திக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இன்றுவரை நலமாக இருக்கிறோம். டப்ளினில் நீயும் மாப்பிள்ளை கௌதமனும் வயிற்றில் இருக்கும் உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போதெல்லாம் அம்மா வேண்டிக்கொள்கிறாள். நான் பின்னால் நின்று கும்பிடுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். என் காது உனக்குத் தெரியும். முப்பது வருடம் தறிப்பட்டறையில் நின்றதில் இடது காது போயே விட்டது, வலது காதும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தால்தான் பாதியாவது பிடிக்கிறது. நீ போனில் கேட்பதற்கெல்லாம் அம்மாதான் பதில் சொல்கிறாள். அப்பா சொல்கிறார் என்று அவள் சொல்வதில் பாதி நான் சொல்லாதது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் போனும் அவள் கையில். அதனால்தான் இந்தக் காகிதம். சங்ககிரிக்கு நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பேன். பத்துப் பன்னிரண்டு நாளில் போய்விடும் என்றார்கள். ஐப்பசி ஆறாம் தேதி நீ விமானம் ஏறுவதற்கு முன் கையில் கிடைத்துவிடும். கிடைக்க வேண்டும்.

ஊர்ச் செய்தி சொல்லிவிடுகிறேன். குமாரபாளையத்தில் நம் வீட்டையும் பட்டறையையும் சேர்த்து வாடகைக்கு எடுத்த மணிமாறன் ஹாலிலும் இரண்டு தறி இறக்கிவிட்டான். நீ படிக்கிற மூலையில் ஒன்று ஓடுகிறது. மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, கேட்க முடியாது. உன் பெரியப்பா மகன் மதனுக்கு ராசிபுரத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் உனக்கென்று மூன்று விதப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், என் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்துப் பிள்ளைத் துணியாக மடித்து அடுக்கியிருக்கிறாள். இருபத்தெட்டுத் துணி. தினமும் வெயிலில் போட்டு எடுக்கிறாள்.

இனி வீட்டைப் பற்றி. ஆனியில் நீ உண்டாகியிருக்கும் செய்தியைச் சொன்னபோது கூடவே ஒன்று கேட்டாய். போன வருடம் நாலாம் மாதத்தில் நடந்தது மறுபடி நடக்கக்கூடாது, டாக்டர் ஓய்வு என்கிறார், தறிச் சத்தத்தில் என்னால் படுத்திருக்க முடியாது, டவுனுக்குப் பக்கத்தில் அமைதியான கிராமம் ஏதாவது இருந்தால் வாடகைக்கு ஒரு வீடு பாருங்கள் என்றாய். அம்மா அதை என் காதருகே கத்திச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு நீ எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். எட்டு ஊர் பார்த்தோம். ஒன்றில் கோழிப்பண்ணை நாற்றம், ஒன்றில் லாரிப் பட்டறை. கடைசியில் இந்தப் பனங்காட்டுப்புதூர். சேலத்து ஆஸ்பத்திரிக்குக் காரில் முக்கால் மணி நேரம். வீட்டுக்காரர் சின்னுசாமி சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார், இங்கே இருப்பதில்லை. இரண்டு அறை, சிமென்ட் வாசல், ஒரு முருங்கை, உள்ளே எல்லாம் புதிதாக இளம்பச்சைப் பெயின்ட். நல்ல நாளாகப் பார்த்து அமாவாசையன்று போனோம். பவானி கூடுதுறையில் முழுகிவிட்டு அப்படியே பஸ் ஏறியது. என் காதை நம்பாமல் அம்மாவை வாசலில் நிறுத்திக் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன். ரொம்ப நேரம் நின்றாள். காக்கை கத்துவது கூடத் தனியாகக் கேட்கிறது என்றாள். அவள் முகத்தைப் பார்த்து அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

அங்கேதான் தவறினேன். முப்பது வருடம் மாதம் தவறாமல் அமாவாசைக்குத் தறியை நிறுத்தியவன் நான். நான் மட்டுமல்ல, கொத்தனார், லேத்துப் பட்டறை, எல்லோருக்கும் அன்று விடுமுறை. அன்று எந்த ஊருக்குப் போனாலும் அமைதியாகத்தான் இருக்கும். இது தெரியாதவன் இல்லை. நினைவுக்கு வரவில்லை.

ஆவணியில் குடிவந்தோம். பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் சாயங்காலம் வீடு கழுவ வந்தபோது பக்கத்து வீட்டு ராமாயி அக்கா குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். எழுபது வயது, ஒற்றையாள். அவர் வீட்டில் அலமாரி காலி. குடம், தூக்குப்போசி, கண்ணாடி டம்ளர், சாமி படம் உட்பட எல்லாம் தரையில். அம்மா சும்மா இருப்பாளா, பாத்திரத்துக்கெல்லாம் கால் வலிக்கிறதா, எல்லாவற்றையும் உட்கார வைத்திருக்கிறீர்களே என்று கேலி செய்தாள். அவரும் சிரித்தார். "இந்த ஊர்ல கீழ உக்காந்ததுதான் பொழைக்கும் அம்மணி" என்றார். அம்மா அதை வீட்டுக்கு வந்தும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் பால் காய்ச்சினோம். ஊரில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு மணிக்குச் சற்று முன் ஒருவர்பின் ஒருவராக எழுந்தார்கள். யாரும் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. எல்லோரும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தார்கள். ராமாயி அக்கா மட்டும் திரும்பி வந்து எங்களையும் வாசலுக்குக் கூப்பிட்டார். ஏதோ சாமி காரியம் என்று நினைத்து நின்றோம். அப்போது தரை எழுந்தது. எனக்குச் சத்தம் அவ்வளவாகத் தெரியவில்லை. காலில் தெரிந்தது. பட்டறையில் கரண்ட் வந்து தறி அத்தனையும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும்போது பாதத்தில் ஒரு நடுக்கம் வருமே, அது மாதிரி, ஆனால் ஒரே தடவை, அடியிலிருந்து. உள்ளே அலமாரியில் அம்மா அடுக்கியிருந்தது எல்லாம் தரையில் கிடந்தது. ஊரை ஒட்டி ஒரு கரடு, மொட்டைப் பாறைக் குன்று, அதற்குப் பின்னால் கல்குவாரி. ஞாயிறும் அமாவாசையும் தவிர தினமும் ஒரு மணிக்கு வேட்டு. அதற்கு முன் சங்கு ஊதுவார்கள், ஊரே வெளியே வந்து நிற்க வேண்டும்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று ராமாயி அக்காவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா சாமி? பதினெட்டு ஊட்ல பதினொண்ணு பூட்டிக் கெடக்குது. ஒரு ஊட்லயாவது வெளக்கு எரியட்டும்னு இருந்துட்டோம்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். சின்னுசாமிக்குப் போன் போட்டோம். ரெண்டு நிமிஷச் சத்தம், அவருடைய அப்பா அந்த வீட்டில்தான் எண்பது வயது வரை இருந்தார் என்றாராம். அப்போது குவாரி இருந்ததா என்று அம்மா கேட்டதற்கு லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

உனக்கு ஒதுக்கிய அறையில், கட்டில் தலைமாட்டுச் சுவரில், இரண்டாம் வாரம் பெயின்ட்டின் மேல் ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பழைய வெடிப்பு, பட்டி வைத்து மூடி மேலே பச்சை அடித்திருக்கிறார்கள். கோடு முடியும் இடத்தில் பென்சிலால் சின்னதாகத் தேதி எழுதினேன். மறுநாள் அது தேதியைத் தாண்டியிருந்தது. இப்போது ஒன்பது தேதிகள் இருக்கின்றன. தரையில் தொடங்கியது ஜன்னலுக்கு மேலே போய்விட்டது. உள்ளே என் சுண்டுவிரல் நுழைகிறது. அம்மா பார்த்துவிடக் கூடாது என்று நாட்காட்டியை மாட்டினேன், அது போதாமல் போனபோது உன் கல்யாணப் படத்தை மாட்டினேன்.

நான் அவளிடம் மறைத்தேன். அவள் என்னிடம் மறைத்தாள். போன செவ்வாய்க்கிழமை முருங்கை அடியில் காய்ந்த இலையைக் கூட்டும்போது ஒரு சாக்கைத் தூக்கினேன். அடியில் ஒரு கல். தேங்காய் அளவு, ஒரு பக்கம் புதிதாக உடைந்த வெள்ளை. கரட்டிலிருந்து அது நடந்து வந்திருக்காது. துணி காயப்போடும் கொடியைப் பார்த்தேன், நடுவில் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. துணியை எண்ணினேன். இருபத்தேழு.

கல்லை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நான் மாட்டிய படத்தைக் கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டு வெடிப்பின் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வேறு வீடு பார்க்கலாம் என்றேன். புரட்டாசியில் யாராவது வீடு மாறுவார்களா என்றாள். ஐப்பசி பிறந்ததும் மாறலாம் என்றேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஒரு தடவை மாறினதே அதிகம், இரண்டாவது தடவை வேண்டாம், போன வருடம் நடந்தது போதும் என்றாள். அப்படியானால் பிரீத்தி அங்கேயே இருக்கட்டும், மாப்பிள்ளையின் அம்மா போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். அதுவரை மெதுவாகப் பேசியவள் என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டாள், ஒரு வார்த்தை கூட எனக்குத் தப்பக்கூடாது என்று. "தலப்பிரசவத்த அடுத்தவங்க கையில குடுத்துட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்? வேட்டு நேரத்துல எம்புள்ளையக் கைப்புடிச்சு வெளிய கூட்டியாந்து நிக்க எனக்குத் தெரியாதா? கல்லு உழுந்தா எம்மேல உழட்டும்" என்றாள். அழவில்லை. அதன் பிறகு கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டாள். நான்தான் ஒரு காலைப் பிடித்துக் கொடுத்தேன்.

நீ போனில் என்ன சத்தம் என்று கேட்டபோது அம்மா இடி என்றாளாம். இங்கே நாற்பது நாளாக மழை இல்லை.

முந்தாநாள் குவாரியிலிருந்து ஒருவர் ஒரு நோட்டோடு வந்தார். நல்ல மரியாதையானவர், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் ஏறினார். ஐப்பசி முதல் தேதியிலிருந்து கரட்டின் இந்தப் பக்கத்தையும் வெட்டப் போகிறார்கள். நம் முருங்கையிலிருந்து பார்த்தால் சிவப்பு பெயின்ட் அடித்த பாறைகள் தெரிகின்றன. இனி ஒரு நாளைக்கு இரண்டு வேட்டு, ஒன்று காலையில். வீட்டுக்கு எத்தனை பேர் என்று எழுதிக்கொள்கிறார், வெளியே நிறுத்தித் தலை எண்ணிப் பார்த்த பிறகுதான் திரி வைப்பார்களாம். அம்மா முந்திக்கொண்டாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் பல நாளாகப் பார்க்கவில்லை. "இப்ப ரெண்டு பேருங்க. ஐப்பசியில எம்புள்ள வந்துரும், தையில இன்னொண்ணு. நாலுன்னே எழுதிக்குங்க" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். நான் தெருமுனை வரை பின்னால் போய் இரண்டு என்று திருத்தச் சொன்னேன். அடித்தல் திருத்தல் இருந்தால் மேலே கேட்பார்கள் என்றார். "ஆளு வரலீன்னா அப்ப மாத்திக்கலாமுங்க. நேரமாயிட்டா உள்ள போயித் தேட முடியாதுங்க, அதுக்குத்தான் கேக்கறது" என்றார்.

சாமி, நீ வராதே. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நான் சொன்னதாகச் சொல்லாதே, டாக்டர் விமானத்தில் ஏறக்கூடாது என்றுவிட்டார் என்று சொல். அம்மாவிடம் பொய் சொன்னால் அடிப்பேன் என்று உன்னை வளர்த்தவன் நானேதான். இந்த ஒரு பொய்யைச் சொல். அழுவாள். இரண்டு நாள் உன்னோடு பேசமாட்டாள். பேசும்போது அவளை அங்கே கூப்பிடு. நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூப்பிடாதே, நீ இல்லாமல் எனக்கு முடியாது என்று கூப்பிடு. தலைப்பிரசவம் அம்மா கையில்தான் என்பது அப்போதும் கெடாது. பாஸ்போர்ட் இருக்கிறது, விசாவுக்கு மாப்பிள்ளை இன்றே எழுதட்டும். நீ வராமல் அவள் இந்த வீட்டை விடமாட்டாள், நீ கூப்பிட்டால் விடுவாள். என்னைப் பற்றி யோசிக்காதே. அவள் கிளம்பிய பிறகு நான் வேறு இடம் பார்த்துக்கொள்வேன். அதுவரை எனக்குச் சங்கு கேட்காவிட்டாலும் ராமாயி அக்கா வந்து தோளைத் தட்டுவார். ஒரு நாள் கூடத் தவறியதில்லை.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. இரும்பு மாத்திரையைக் காபியோடு போடாதே என்று எங்கோ படித்தேன். மாப்பிள்ளையிடம் மட்டும் இதைக் காட்டு, காட்டிவிட்டுக் கிழித்துப் போடு. உனக்கும் பிள்ளைக்கும் எங்கள் ஆயுளும் சேர்ந்து வரட்டும்.

அம்மா இப்போது வந்து யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். உனக்கு என்று சொல்லிவிட்டேன். எட்டிப் பார்க்கவில்லை. கண்ணாடி போடாமல் அவளால் படிக்கவும் முடியாது. அவள் சொன்னதாக ஒரு வரி எழுதச் சொல்லி நிலையில் சாய்ந்து நிற்கிறாள். துணிமணி எதையும் சுமந்துகொண்டு வராதே, வெறுங்கையோடு வா, எல்லாம் இங்கே தயாராக இருக்கிறது. எழுதிவிட்டேன். எழுதினீர்களா என்று கேட்டாள், தலையாட்டினேன்.

அன்புடன்,
அப்பா
தீனதயாளன்