சேகர் ஞானஸ்நானம் எடுத்த நாள்

ஞாயிறு, இரவு

இன்று காலை பட்டினப்பாக்கம் கடலில் என் கணவர் சேகர் ஞானஸ்நானம் எடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் இதற்காகத்தான் ஜெபித்தேன். ஆனால் பாஸ்டர் அவரைத் தண்ணீரில் அமிழ்த்தித் தூக்கியபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

எனக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் என்று நெற்றியில் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம். மேசியா என்றால் அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்று ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பிடும்போது அவர் சொன்னார்: "பழைய ஆளு அந்தத் தண்ணியிலயே செத்துட்டான் ஜெசி. மேசியா எனக்காகவே வந்தாருன்னு தோணிச்சு. நான் இவ்ளோ சந்தோஷமா இருந்ததே இல்ல."

"நம்ம கல்யாணத்தன்னிக்குக் கூடவா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். யோசிக்காமல் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"அது வேற, இது வேற" என்றார்.

இப்போது பக்கத்தில் நிம்மதியாகத் தூங்குகிறார். ஆண்டவரே, இவரை உம்மிடம் கூட்டிவந்தவள் நான். இவருக்குக் கொடுத்ததில் கொஞ்சம் எனக்கும் கொடுத்தால் என்ன? முடியாதென்றால் இவரை எனக்கே திருப்பி...

வேண்டாம். இதை எழுதக் கூடாது. விளக்கை அணைக்கிறேன்.