பச்சை வண்டியும் பாதிக் கோபமும்

பேத்தியின் தாத்தாவுக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே மகள் வீட்டில் நானும் பேத்தியும் சுகம். நானாக முதலில் போன் பண்ணமாட்டேன் என்று சொன்னேன், பண்ணமாட்டேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லையே. நம் ஊருக்கு வரும் இங்கத்து எதிர்வீட்டு நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஞாயிறு பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு மருமகனின் போனில் கார் ரேஸ் பார்த்தேன். என் பச்சை வண்டிதான் முன்னால். என் போனில், அங்கே டிவியில் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், "அடியே, உன் பச்ச வண்டி செவுத்துல மோதிடுச்சுடி!" என்று சிரித்தீர்கள். இங்கே அது ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. திட்டிவிட்டு போனை வைத்தேன். அரை நிமிடத்தில் இங்கேயும் மோதியது. நாலு வருடத்துக்கு முன் கடைசிச் சுற்றில் சேனலைச் செய்திக்கு மாற்றினீர்களே, அதையும் மறக்கவில்லை.

மருமகனிடம் சொன்னேன். "டிவியில வந்தப்புறம்தான் நெட்டுல வரும் அத்தை. மாமா மேல தப்பில்ல" என்றார். கோபம் பாதி குறைந்தது. பாதிதான்.

நான் ரேஸ் பார்க்கும்போது தோளில் போடும் பச்சைத் துண்டை நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள். சீசனின் கடைசி ரேஸுக்குள் அவள் திரும்பிவிடுவாள்.

அன்று நீங்களே போன் பண்ணுங்கள். யார் ஜெயித்தாலும் வாயைத் திறக்காதீர்கள். பகலெல்லாம் இங்கே பேத்தியை விட்டால் பேச ஆளில்லை, அவளுக்கோ இன்னும் பேச்சு வரவில்லை. அழுகிறாள், எழுந்து போகிறேன்.

உங்களுக்கு ரேஸ் முடிந்ததும் போனை வைத்துவிடாதீர்கள். எனக்கும் முடிகிறவரை லைனில் இருங்கள்.

வீட்டுக்காரி