நீங்களும் வாங்க

10.2.1996, சனி

கோவை ஒப்பணக்கார வீதியில் டிராவல்ஸ் நடத்தும் ரசாக் பாய் மேசைமேல் ஐரோப்பா மேப்பை விரித்துப் பென்சிலால் கோடு போட்டார். பாரிஸ், லூசர்ன், வெனிஸ், ரோம். நாலே ஊர். மே மாதம். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். அந்த ‘மட்டும்’ என்பதை நான் திரும்பத் திரும்பச் சொன்னதில் பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவருக்கென்ன தெரியும்? கல்யாணம் ஆன புதிதில் ஊட்டிக்குப் போனோம். தேனிலவுக்கு ஒரு வேன். மாமியார் முன் சீட்டில், நான் புளிசாதத் தூக்கோடு கடைசி சீட்டில். இந்த வருஷம் வெள்ளி விழாவே வந்துவிட்டது. இன்னும் நாங்கள் இரண்டு பேராக எங்கேயும் போனதில்லை. வெனிஸில் ஒரு ஜோடி படகில் போகிற காலண்டர் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் ஆசை. ரோமெல்லாம் சும்மா.

18.2.96, ஞாயிறு

காங்கேயம் போனோம். தூர தேசம் போகுமுன் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். இவருடைய பெரியப்பா மகன் சுப்பண்ணன், எண்ணெய் மில்லும் பட்டி நிறைய மாடுகளும் வைத்திருப்பவர். இவர் விஷயத்தைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நீங்களும் வாங்கண்ணா” என்றார்.

இது நாம் எல்லோரும் சொல்வதுதான். சாப்பிடும்போது யாராவது வந்தால் சொல்வதில்லையா? கேட்பவர், “ஆகட்டுமுங்க, நீங்க போயிட்டு வாங்க” என்று மறுக்க வேண்டும். அதுதான் முறை. சுப்பண்ணன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: “எப்பப் பொறப்படோணுந் தம்பி?”

19.2.96

இவரோடு பேசவில்லை.

6.3.96, புதன்

எதிர் வீட்டு வெங்கடபதி நாயுடுவும் வருகிறாராம். இவர்தான் கேட் அருகே நின்று சொல்லியிருக்கிறார், அதே இரண்டு வார்த்தையை.

“ஏனுங்க, அதைச் சொல்லாம இருக்க முடியாதுங்களா?” என்றேன்.

“மொகத்தைப் பாத்துட்டு எப்படியம்மணி சொல்லாம இருக்கறது?” என்கிறார். உண்மையாகவே கேட்கிறார்!

14.3.96, வியாழன்

ரசாக் பாய் கடையில் கூட்டம். எல்லாம் நம் கூட்டம்தான். சுப்பண்ணனுக்கு ஹாலந்தில் மாடு பார்க்க வேண்டும். “ஒரு நேரத்துக்கு எத்தன லிட்டர் கறக்குதுன்னு பாக்காம அப்பறம் என்னத்துக்குங்க யூரோப்பு?” வெங்கடபதிக்கு ஜெர்மனியில் பம்பு ஃபேக்டரி. சுப்பண்ணன் மனைவி செல்லாத்தாள் அக்காவுக்கு எந்த ஊரானாலும் சரி, காலையில் இட்லி இருக்க வேண்டும். “சின்னக் கிரைண்டர் ஒண்ணு கையில எடுத்துக்கலாமா கண்ணு?”

பாய் போட்ட கோடு இப்போது முறுக்குப் பிழிந்த மாதிரி இருக்கிறது. அதில் வெனிஸைத் தேடினேன். பாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அது ரூட்ல ஒத்து வரலீங்கம்மா. எடுத்துட்டேன்.”

15.3.96

அழுதேன். என்ன பொழப்பு இது! மாட்ட யாரு கேட்டா? எனக்கு ஒரு படகு, ஒரு மணி நேரம் — அதுகூட ஆவாதா?

இவர் பார்த்தார். போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். குடித்தேன்.

21.3.96

இவர் காங்கேயத்துக்கு போன் போட்டார். “எதுக்கும் ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாத்தரலாமுங்கண்ணா.” வேண்டாம் என்று சொல்ல வாய் வராத மனிதர், அந்த வேலையைக் குலதெய்வத்தின் தலையில் கட்டிவிட்டார்.

24.3.96, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு அரளி. ஆத்தா முன்னால் வைத்துப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் எல்லோரும் புறப்படலாம்; சிவப்பு என்றால் வேண்டாம். பொட்டலம் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

ஆத்தா மன்னிக்கட்டும். இந்தக் கூட்டம் நின்றால் போதும் என்று இரண்டிலும் சிவப்பே வைத்தேன்.

சிவப்பு வந்தது. வராமல் எங்கே போகும்? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துச் செல்லாத்தாள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். “ஆத்தா நம்மளக் காப்பாத்திப்போட்டா கண்ணு. இனி ஆரும் அந்தத் தெசைக்கே போகப்படாது. நீங்க ரெண்டு பேருங்கூடத்தான்!”

“ஆமாமுங்க” என்று இவரும் தலையாட்டினார்.

போச்சு. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

27.3.96, புதன்

துவைக்கப் போடும்போது இவர் சட்டைப் பையில் ஒரு பொட்டலம். பூசாரி எடுக்காமல் விட்ட இன்னொன்று. நூல் அவிழ்ந்திருந்தது, உள்ளே வாடிய சிவப்பு அரளி. நிமிர்ந்தால் இவர் எதிரே நிற்கிறார்.

“ரெண்டுமே செவப்பா அம்மணி?”

பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்தேன்.

“அப்ப ஆத்தா ஒண்ணுமே சொல்லல. சொன்னது நீதான்.” விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சொன்னாத்தான ‘நீங்களும் வாங்க’ங்கோணும்? ஆருகிட்டயும் சொல்லாமயே போயிருவம்.”

இருபத்தைந்து வருஷத்தில் இவர் என்னிடம் பேசிய பேச்சிலேயே இதுதான் பெரிய பேச்சு. ஆத்தாளுக்கு ஓர் அபிஷேகம் நேர்ந்துகொண்டேன்.

3.4.96

பாய் புது மேப் எடுத்தார். பழையதில் கோடு போட இனி இடமில்லை.

13.5.96, திங்கள்

ஒரு வேலையாக மெட்ராஸ் போகிறோம் என்று எதிர் வீட்டில் சொன்னோம். இவ்வளவு பெரிய பெட்டிகளா என்று வெங்கடபதி பார்த்தார். இவர் வாய் தானாகத் திறந்தது. காலை மிதித்தேன்.

21.5.96, வெனிஸ்

படகில் ஏறி உட்கார்ந்தோம். சிவப்பு மெத்தை. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரோட்டைக் கடக்கும்போதுகூடப் பிடிக்காதவர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. படகுக்காரர் துடுப்பை எடுத்தார்.

கரையில் ஒரு வயதான ஜப்பான்காரரும் அவர் மனைவியும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இவரை முறைத்தேன். பாவம், உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். ஒரு சொல் வரவில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுத்திருக்க வேண்டும். அதுதான் முறை. இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள்.

ஆனால், “நீங்களும் வாங்க” என்று சொன்னது இவர் இல்லை.